காகிதத்தில் முந்தும் டர்போ

கார் வாங்கப் போகிறவர்களிடையே ஒரு கருத்து இன்று ஏறக்குறையத் தீர்ப்பாகவே நிலைத்துவிட்டது. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் திணிக்க இரண்டு வழிகள் இருந்தன. சூப்பர்சார்ஜர் எஞ்சினிலிருந்தே பெல்ட் போட்டுச் சக்தியை எடுத்துக்கொள்வது. அதனால் பெட்ரோல் குடிப்பது, பழங்காலத்தது. டர்போசார்ஜர் வீணாக வெளியேறும் புகையில் சுழல்வது. அதனால் செலவில்லாதது, நவீனமானது. போட்டி எப்போதோ முடிந்துவிட்டது, டர்போ வென்றுவிட்டது என்பார்கள். ஷோரூம் விற்பனையாளர் முதல் யூடியூப் விமர்சகர் வரை இந்தப் பாடத்தில் ஒரு வரி மாறாது. கடைசியில் ஒரு சலுகை மட்டும் தருவார்கள்: “கொஞ்சம் லேக் இருக்கும் சார், ஓட்ட ஓட்டப் பழகிடும்.” இந்தக் கட்டுரைக்குச் சண்டை அந்தக் கடைசி வரியோடுதான். அன்றாட ஓட்டத்தில் ஒரு கார் நல்லதா கெட்டதா என்பதைத் தீர்மானிக்கும் இடத்தையே அந்த வரி சில்லறைக் குறையாகத் தள்ளிவிடுகிறது. டர்போ சந்தையை வென்றது உண்மை. அன்றாட ஓட்டத்தில் மேலானது என்பதால் வென்றது என்று சொல்வதற்குத்தான் ஆதாரம் இல்லை. வரியும் புகை விதியும் டீசலும் வென்று கொடுத்த போட்டி அது.

அன்றாட ஓட்டம் என்றால் என்ன என்பதை ஊரை வைத்துத்தான் பேச முடியும். காவிரி டெல்டாவை எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து ஐம்பது அறுபது மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நாகப்பட்டினம் கடற்கரை வரை எண்பது கிலோமீட்டர் சொச்சம். அதாவது கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூடச் சரிவில்லாத நிலம். மேடு என்று ஒன்று வந்தால் அது வாய்க்கால் மதகுப் பாலமாகவோ ரயில்வே மேம்பாலமாகவோ இருக்கும். சாலைகளில் பலவும் ஆற்றங்கரையை ஒட்டியவை. கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, சுவாமிமலை, கும்பகோணம் வழியாகப் பூம்புகார் போகும் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் வயல், ஒதுங்க இடமில்லை. தை, மாசியில் சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர், அதற்கு முன்னால் பெல்ட் மிஷின் என்னும் அறுவடை இயந்திரத்தை ஏற்றிச் செல்லும் லாரி, கொள்முதல் நிலையத்துக்கு வெளியே மூட்டை ஏற்றக் காத்திருக்கும் லாரி வரிசை, பாதிச் சாலையை அடைத்துக் காயும் நெல். நூறில் பறப்பதற்கு இங்கே வேலையில்லை. முப்பதில் ஊர்ந்து, இடைவெளி கிடைத்ததும் ஐம்பத்தைந்துக்குத் தாவி, மறுபடி முப்பதுக்கு இறங்குவதுதான் ஓட்டம். கார் பெரும்பாலும் மூன்றாவது கியரில், 1,500 ஆர்.பி.எம். சுற்றுவட்டாரத்தில் இருக்கும்.

அந்த வைக்கோல் வண்டியை முந்தும் கணத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். டிரெய்லரின் இரு பக்கமும் வைக்கோல் பிதுங்கி நிற்பதால் எதிரே வருவது தெரிவதில்லை. சாலை லேசாக வளையும் இடத்தில் ஒரு இடைவெளி தெரிகிறது. தூரத்தில் பேருந்து வருகிறது, ஆனால் நேரம் இருக்கிறது. மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும் கார் நொடிக்குப் பத்து மீட்டர் நகரும். எதிரே 54-இல் வரும் பேருந்து நொடிக்குப் பதினைந்து மீட்டர். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி நொடிக்கு இருபத்தைந்து மீட்டர் கரைகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தபின் எஞ்சின் ஒரு நொடி யோசித்தால், முந்தத் தொடங்குவதற்கு முன்பே இருபத்தைந்து மீட்டர் போய்விட்டது. அந்த ஒரு நொடிக்குப் பிறகு 120 குதிரைத்திறன் வெள்ளமாக வந்தாலும், போன இருபத்தைந்து மீட்டரை அது திருப்பித் தராது. இதைச் ‘சின்னக் குறை’ என்று சொல்கிறவர்கள் நான்குவழிச் சாலையை மனதில் வைத்துச் சொல்கிறார்கள்.

லேக் என்னும் இந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. டர்போவின் காற்றழுத்தியைச் சுழற்றுவது புகை. குறைந்த சுற்றில், காலை லேசாக வைத்து ஓட்டும்போது, புகை குறைவு, அதன் வேகமும் குறைவு. டர்போ சக்கரம் மந்தமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். மிதித்ததும் கூடுதல் காற்று வேண்டும். கூடுதல் காற்றுக்குக் கூடுதல் புகை வேண்டும். கூடுதல் புகைக்குக் கூடுதல் காற்று வேண்டும். இந்த வட்டம் தன்னைத் தானே தூக்கிக்கொண்டு எழ நேரம் பிடிக்கிறது. அதோடு, இவ்வகை அழுத்தியில் அழுத்தம் சுழல்வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறுவது. பாதி வேகத்தில் பாதி அழுத்தம் கிடைக்காது, கால்வாசிதான் கிடைக்கும். முழு வேகம் என்பதோ நிமிடத்துக்கு ஒன்றரை இரண்டு லட்சம் சுற்று. ரூட்ஸ் வகைச் சூப்பர்சார்ஜரின் கணக்கு வேறு. ஒன்றோடொன்று பின்னிச் சுழலும் இரண்டு உருளைகள் ஒரு சுற்றுக்கு இவ்வளவு காற்று என்று அளந்து தள்ளும். எஞ்சின் 1,500-இல் சுற்றினாலும் 4,500-இல் சுற்றினாலும் அந்த அளவு மாறாது, ஆகவே மிதித்த அந்தக் கணமே அழுத்தம் இருக்கும். (பெல்ட்டில் ஓடினாலும் விசிறி போன்ற அழுத்தி உள்ள சூப்பர்சார்ஜர்களும் உண்டு. அவை குறைந்த சுற்றில் டர்போவைப் போலவே பலவீனமானவை. இங்கே பேச்சு ரூட்ஸ் வகையைப் பற்றியது.)

“அதெல்லாம் அந்தக் காலம், இப்போதைய டர்போ 1,500-லேயே முழு டார்க்கைத் தருகிறது, கம்பெனிக் காகிதத்தைப் பாருங்கள்” என்பது இதற்கு வழக்கமாக வரும் பதில். பார்க்கலாம். ஹூண்டாய் வென்யூ நம்மூர்த் தயாரிப்பாகத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் உருவாகி 2019-இல் சந்தைக்கு வந்தது. அதன் 998 சி.சி. டர்போ பெட்ரோல் எஞ்சினுக்கு 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர் டார்க். அந்த டார்க் 1,500 முதல் 4,000 ஆர்.பி.எம். வரை கிடைக்கும் என்கிறது விவரத்தாள். அதே காரில் வந்த டர்போ இல்லாத 1,197 சி.சி. எஞ்சினுக்கு 83 குதிரைத்திறன், சுமார் 114 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,000-இல்தான். காகிதத்தில் போட்டியே இல்லை. ஆனால் அந்த 1,500 எப்படி அளக்கப்படுகிறது? எஞ்சினைச் சோதனை மேடையில் ஏற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திறந்து, சுற்று 1,500-ஐத் தாண்டாமல் எதிர்ப்பு கொடுத்துப் பிடித்து, டர்போ எழுந்து அழுத்தம் நிலைபெற்றபின் அளக்கிறார்கள். எவ்வளவு வந்தது என்பது தெரிகிறது. எப்போது வந்தது என்பது தெரிவதில்லை. மேட்டூரில் இத்தனை ஆயிரம் கன அடி திறந்தாயிற்று என்ற அறிவிப்பு வந்த அன்றே கடைமடை வயலில் தண்ணீர் நிற்காது. கல்லணைக்கு வந்து சேரவே மூன்று நான்கு நாள் ஆகும், அங்கிருந்து வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து போக இன்னும் சில நாள். அறிவிப்பிலுள்ள கன அடியைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது, அதை வைத்து நாற்று நடவும் முடியாது. விவரத்தாளின் 172-உம் அப்படித்தான். அழுத்தம் எழும்வரை அந்தக் கார் வெறும் ஒரு லிட்டர் எஞ்சின். பக்கத்தில் நிற்கும் டர்போ இல்லாத காரோ 1.2 லிட்டர் எஞ்சின். முதல் நொடியில் யாரிடம் இழுவை அதிகம் என்பதற்குப் பெரிய கணக்கு தேவையில்லை. இரண்டாவது நொடியில் டர்போ முந்திவிடும், அதை மறுக்கவில்லை. டெல்டாச் சாலை பல சமயம் அந்த இரண்டாவது நொடியைத் தருவதில்லை என்பதுதான் வாதம்.

இந்த வட்டாரத்தில் ஓடித் தேய்ந்த வண்டிகளே இதற்குச் சாட்சி. மாருதி ஸ்விஃப்ட், டிசையர் கார்களில் வந்த 1,248 சி.சி. டீசல் எஞ்சின் 75 குதிரைத்திறனும் 2,000 ஆர்.பி.எம்-இல் 190 நியூட்டன் மீட்டரும் கொண்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்ததோடு நிறுத்தப்படும்வரை டாக்ஸி ஸ்டாண்டுகளை அது ஆண்டது. மைலேஜில் அதற்கு ஈடு சொல்ல ஆளில்லை. ஆனால் இரண்டாயிரத்துக்குக் கீழே அது செத்த மாதிரி கிடக்கும் என்பதும், வேகத்தடை தாண்டியதும் கியரைக் குறைக்காவிட்டால் திணறும் என்பதும், ஹாஃப் கிளட்சில் ஓட்டியே கிளட்ச் தகடு தேயும் என்பதும் அதை ஓட்டிய டிரைவர்கள் எல்லாருக்கும் பொதுவான புலம்பல். மறுபக்கம் பழைய மஹிந்திரா பொலேரோ. அதிலும் டர்போதான், ஆனால் 2,523 சி.சி. கொள்ளளவில் வெறும் 63 குதிரைத்திறன். 195 நியூட்டன் மீட்டர் டார்க் 1,400-லேயே வந்துவிடும். குதிரைத்திறனை மட்டும் பார்த்தால் சிரிப்புதான் வரும். ஆனாலும் நெல் மூட்டையும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு வரப்பை ஒட்டிய மண்சாலையில் மூன்றாவது கியரிலேயே தடுமாறாமல் இழுக்கும் வண்டி என்று அதற்குக் கிராமத்தில் தனி மரியாதை. பெரிய கொள்ளளவில் சின்ன அழுத்தம் வைத்தால் டர்போவின் தாமதம் மறைந்துவிடுகிறது. சின்னக் கொள்ளளவில் பெரிய அழுத்தம் வைத்தால் கண்முன் வந்து நிற்கிறது. இன்றைய டர்போ பெட்ரோல் கார்கள் இரண்டாவது வகை. வயலுக்குள் இறங்கிப் பார்த்தாலும் இதே கதைதான். சேற்றுழவில் ரொட்டவேட்டர் ஒரு கணம் இளகிய சேற்றிலும் மறுகணம் கெட்டியான அடிமண்ணிலும் மாட்டும். பாரம் நொடிக்கு நொடி ஏறி இறங்கும். அந்த வேலைக்கு விவசாயி நம்பிய 40, 45 குதிரைத்திறன் டிராக்டர்கள், உதாரணமாக 42 குதிரைத்திறன் மாஸி ஃபெர்குசன் 241, பெரும்பாலும் டர்போ இல்லாத பெரிய மூன்று சிலிண்டர் டீசல்கள்தான்.

சரி, புகை இலவசம் என்ற வாதம்? அதிலும் பாதிதான் உண்மை. புகைப் பாதையில் ஒரு விசிறியை வைத்தால் புகைக்கு அது தடை. பிஸ்டன் எரிந்த வாயுவை வெளியே தள்ள அந்தத் தடைக்கு எதிராக உழைக்க வேண்டும். அந்த உழைப்பு சுழல்தண்டிலிருந்துதான் வருகிறது. வெப்பமாக வீணாகியிருக்கும் ஆற்றலில் ஒரு பகுதியை டர்போ மீட்டெடுக்கிறது என்பது சரி, அந்த வகையில் அது சூப்பர்சார்ஜரைவிடச் சிக்கனம்தான். ஆனால் அழுத்தம் ஏற்றிய சின்ன பெட்ரோல் எஞ்சினில் நாக்கிங் வராமலிருக்க இக்னிஷனைத் தாமதப்படுத்துவதும், முழுப் பாரத்தில் குளிர்ச்சிக்காகப் பெட்ரோலை அதிகம் விடுவதும் வழக்கம். மிதித்து ஓட்டினால் டர்போ பெட்ரோலின் மைலேஜ் ஏன் சடாரென்று விழுகிறது என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். ஒரு பக்கம் ‘திருட்டு’, இன்னொரு பக்கம் ‘தானம்’ என்று எழுதி வைக்கும் பாடக் குறிப்பு பரீட்சைக்கு உதவலாம், கார் வாங்க உதவாது.

அப்படியானால் டர்போ ஏன் வென்றது? இந்தியாவில் முதல் விடை வரிச் சட்டத்தில் இருக்கிறது. 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள் கொள்ளளவும் கொண்ட கார்களுக்குக் கலால் வரி குறைக்கப்பட்டது. ஜி.எஸ்.டி. வந்தபோதும் அந்தக் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பரில் விகிதங்கள் மாறியபோதும் கோட்டுக்கு உள்ளே 18 சதவீதம், வெளியே 40 சதவீதம். எஞ்சினைப் பெரிதாக்கினால் வரி அடிக்கும். சின்ன எஞ்சினில் காற்றை அழுத்தினால் அடிக்காது. இரண்டாவது விடை, 2017 முதல் அமலுக்கு வந்த எரிபொருள் சிக்கன விதி. நிறுவனம் விற்கும் கார்களின் சராசரிக் கரியமில வாயு அளவு ஓர் எல்லைக்குள் இருக்க வேண்டும். அதை அளப்பது ஆய்வகத்தில் உருளைகள்மேல் காரை ஓட்டிச் செய்யும் சோதனை. அந்தச் சோதனை ஓட்டம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாது, வேகம் ஏற்றுவதும் மெதுவாகத்தான். அங்கே டர்போ பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும், ஒரு லிட்டர் எஞ்சினின் சிக்கனம் மட்டும் பதிவாகும். விளம்பரத்தில் டர்போவின் 120 குதிரைத்திறன், சோதனையில் சின்ன எஞ்சினின் மைலேஜ் என்று இரண்டு பக்கமும் லாபம். மூன்றாவது விடை டீசல். டீசலுக்கு டர்போ இயல்பாகப் பொருந்துவது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. லாரிக்கும் பேருந்துக்கும் லட்சக்கணக்கில் டர்போ செய்யத் தொடங்கியபின் (சென்னையின் டர்போ எனர்ஜி நிறுவனம் 1980களிலிருந்தே செய்கிறது) விலை இறங்கியது, மெக்கானிக்குகள் பழகினார்கள், பெட்ரோல் காருக்கும் அதே பொருள் எளிதாக வந்து சேர்ந்தது. டிராக்டரிலும் இதுவே நடக்கிறது: 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்டவற்றுக்கு 2023 ஜனவரியில் புதிய புகை விதி வந்தது, அந்த வகையில் டர்போவும் காமன் ரெயிலும் பெருகின. இவற்றில் எந்தக் காரணத்திலும் வைக்கோல் வண்டிக்குப் பின்னால் நிற்கும் டிரைவரின் கால் கணக்கில் வரவில்லை.

சூப்பர்சார்ஜர் பெட்ரோல் குடிக்கும் என்ற குற்றச்சாட்டுக்கான மறுப்பும் தமிழ்நாட்டிலேயே கிடைக்கிறது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. அங்கே உருவான நிஸான் மைக்ரா எண்ணூர் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. 2011-இல் ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு மைக்ராவில் ஒரு புது எஞ்சின் கிடைத்தது: மூன்று சிலிண்டர், 1.2 லிட்டர், அதன்மேல் ஈட்டன் நிறுவனத்தின் சூப்பர்சார்ஜர். 98 குதிரைத்திறன், 142 நியூட்டன் மீட்டர். கிலோமீட்டருக்கு வெளியிடும் கரியமில வாயு 95 கிராம் மட்டுமே என்று அதிகாரபூர்வமாகப் பதிவானது. அன்றைய ஐரோப்பாவில் டீசல் கார்களோடு போட்டிபோடும் எண் அது. சூட்சுமம் ஒரு கிளட்சில் இருந்தது. தேவையில்லாதபோது சூப்பர்சார்ஜரைக் கழற்றி விட்டுவிடும், மிதித்தால் பூட்டிக்கொள்ளும். ஏ.சி. கம்ப்ரஸரில் இருப்பது போன்ற ஏற்பாடுதான், ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றுமில்லை. ஐரோப்பியச் சோதனையும் மென்மையானதுதானே, டர்போவுக்குச் சொன்ன குறை இதற்கும் பொருந்தாதா என்று கேட்கலாம். பொருந்தும். அந்த 95 கிராமும் காகித எண்தான், சாலையில் அது கூடியிருக்கும். ஆனால் ‘எப்போதும் பெல்ட்டில் சுற்றிக்கொண்டே பெட்ரோலைத் தின்னும்’ என்ற அடிப்படைக் குற்றச்சாட்டு இதோடு அடிபட்டுப் போகிறது. நம்மூர் வாடிக்கையாளருக்கு அந்த எஞ்சின் வரவில்லை. டர்போ இல்லாத 76 குதிரைத்திறன் பெட்ரோலும் ஒரு டர்போ டீசலும்தான் வந்தன. ஆலை பக்கத்தில், வசதி கடல் கடந்து. அதைப் பற்றி அன்று யாரும் பெரிதாகக் கேட்டதாகவும் தெரியவில்லை.

டர்போ தரப்பின் வலுவான வாதம் இனிமேல்தான் வருகிறது. நல்ல டிரைவர் கியரைக் குறைத்துக்கொள்வான், அல்லது ஆட்டோமேட்டிக் வாங்கினால் கார் தானே குறைத்துக்கொள்ளும், 3,000-இல் டர்போ எப்போதும் விழித்திருக்கும், லேக் எங்கே இருக்கிறது? செயல்முறையில் இது சரி. ஆனால் இதை ஒப்புக்கொண்டால் டர்போவின் முக்கிய விற்பனை வாக்குறுதியே கைவிட்டுப் போகிறது. கியர் மாற்றாமலே குறைந்த சுற்றில் இழுக்கும் என்பதற்காகத்தானே டர்போவுக்குக் கூடுதல் பணம் கொடுக்கச் சொன்னீர்கள்? இரண்டாவது கியருக்கு இறங்கி 3,500-இல் சுற்றினால் டர்போ இல்லாத 1.2 லிட்டரும் இந்தச் சமநிலத்தில் ஒரு டிராக்டரைத் தாண்டும் அளவுக்குப் பாயும். ஆட்டோமேட்டிக்கிலும் கணினி நம் மிதியைப் புரிந்து, கியரை இறக்கி, டர்போ எழும்வரை நேரம் போகிறது. தாமதம் காலிலிருந்து கியர் பெட்டிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பத்திரிகைகள் பூஜ்ஜியத்திலிருந்து நூறு வரை எடுக்கும் நேரத்தோடு நிற்காமல், மூன்றாவது கியரில் இருபதிலிருந்து எண்பது, நான்காவதில் நாற்பதிலிருந்து நூறு என்று அளந்து போடுவது நல்ல வழக்கம். ஆனால் அந்த எண்ணும் மொத்த நேரம்தான். முதல் நொடியில் இழந்து கடைசி மூன்று நொடிகளில் வட்டியோடு மீட்டுக்கொண்ட காரும், முதலிலிருந்தே சீராக இழுத்த காரும் அதில் ஒரே எண்ணைக் காட்ட முடியும். வாய்க்கால் பாலத்துக்கு முன் ஓட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல.

மலை வாதத்தையும் சீக்கிரமாகத் தீர்த்துவிடலாம். உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். ஊட்டியின் 2,240 மீட்டரில் டர்போ இல்லாத எஞ்சின் மூச்சு வாங்கும், டர்போ அந்தக் குறையை ஈடுகட்டும். ஊட்டிக்காரருக்கு இது உண்மையான நன்மை. மன்னார்குடிக்காரர் வருடத்தில் நான்கு நாள் கொடைக்கானல் போவதற்காக மீதி நாளெல்லாம் அதைச் சுமக்க வேண்டியதில்லை. கடல் மட்டத்துக் காற்று இங்கே எஞ்சினுக்கு முழுதாகக் கிடைக்கிறது.

டர்போவின் தாமதத்தைக் கண்ணாலேயே பார்க்க வேண்டுமென்றால் இந்த வட்டார ரயில் பாதைகளில் ஓடிய டீசல் எஞ்சின்களை நினைத்துக்கொள்ளலாம். பொன்மலை ஷெட்டிலிருந்து வந்த ஆல்கோ எஞ்சின்கள் தஞ்சாவூர் ஜங்ஷனில் நெல் ஏற்றிய கூட்ஸை இழுத்துப் புறப்படும்போது, டிரைவர் நாட்ச் (எஞ்சினின் விசைப் படி) கூட்டிய மாத்திரத்தில் கூரையிலிருந்து கரும்புகை குபுகுபுவென்று கிளம்பும். எஞ்சின் கெட்டுவிட்டது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். டீசல் உடனே வந்துவிட்டது, டர்போவின் காற்று இன்னும் வரவில்லை. காற்றில்லாமல் அரைகுறையாக எரிந்த டீசல்தான் அந்தக் கருமை. அரை நிமிடத்தில் புகை வெளுத்தால் டர்போ எழுந்துவிட்டது என்று பொருள். இன்றைய டீசல் காரில் அந்தப் புகை ஏன் இல்லை? காற்று வரும்வரை டீசலையும் நிறுத்தி வைக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். புகை மறைந்தது நல்லதுதான், ஆனால் தாமதம் தாமதமாகவே உள்ளே இருக்கிறது. ஆல்கோவுக்குப் பின் 1999 முதல் வந்த டபிள்யூ.டி.ஜி. 4 வகை எஞ்சின்களைப் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸின் இ.எம்.டி. வடிவமைப்பு அது, அதன் டர்போவைக் குறைந்த பாரத்தில் புகை சுழற்றுவதில்லை, சுழல்தண்டே பற்சக்கரம் வழியாகச் சுழற்றுகிறது. புகை போதுமான வேகம் பெற்றதும் நடுவிலுள்ள கிளட்ச் தானாக விடுபடும், அதன்பின் அது சுத்தமான டர்போ. கீழே சூப்பர்சார்ஜர், மேலே டர்போ. அது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், வெளியிலிருந்து காற்றைத் தள்ளாவிட்டால் ஸ்டார்ட்டே ஆகாது, அதனால்தான் அப்படி என்று ரயில்வேக்காரர் திருத்துவார். திருத்தம் சரி. புகையை நம்பிக் குறைந்த சுற்றில் காற்றை எதிர்பார்க்க முடியாது என்பதை அந்த வடிவமைப்பு ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொள்கிறது என்பதே இங்கே வேண்டியது.

கார் நிறுவனங்களுக்கும் இது தெரியாமலில்லை. 2005-இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரின் 1.4 லிட்டர் எஞ்சினில் இரண்டையும் சேர்த்தே வைத்தது: கீழ்ச் சுற்றில் சூப்பர்சார்ஜர், 3,500-க்கு மேல் டர்போ மட்டும். 170 குதிரைத்திறன் வந்தது, செலவும் சிக்கலும் கூடின, பிற்பாடு கைவிட்டார்கள். 2016-இல் ஆடி எஸ்.க்யூ. 7 டீசலில் இரண்டு டர்போக்களுக்கு உதவியாக மின்சாரத்தில் சுழலும் ஒரு காற்றழுத்தியை வைத்தது. அது கால் நொடிக்குள் எழுபதாயிரம் சுற்றைத் தொடும். பெல்ட்டுக்குப் பதில் மின்கம்பி போட்ட சூப்பர்சார்ஜர் என்று அதைச் சொன்னால் தவறில்லை. நம் சந்தையிலேயே மாருதி ஃபிராங்க்ஸின் ஒரு லிட்டர் டர்போவில் ஸ்டார்ட்டராகவும் ஜெனரேட்டராகவும் வேலை செய்யும் ஒரு சின்ன மோட்டார் வேகமெடுக்கும்போது கைகொடுக்கிறது. இன்னொரு படி மேலே போய் டொயோட்டா ஹைரைடரின் ஸ்ட்ராங் ஹைபிரிட் டர்போவையே விட்டுவிட்டது: டர்போ இல்லாத 1.5 லிட்டர் எஞ்சின், அதோடு 141 நியூட்டன் மீட்டர் தரும் மின் மோட்டார். மிதித்ததும் உடனே இழுவை வேண்டும் என்று சூப்பர்சார்ஜர் தொடக்கத்திலிருந்தே பேசிவந்த கட்சிக்கு இவை எல்லாம் வேறு வேறு கொடியின்கீழ் வந்து சேர்ந்திருக்கின்றன. டர்போ மட்டுமே போதும் என்றிருந்தால் இத்தனை பக்கவாத்தியம் எதற்கு?

சூப்பர்சார்ஜரைப் புனிதமாக்கவும் வேண்டாம். ரூட்ஸ் வகை காற்றைத் தேவைக்கு மேல் சூடாக்கும். கத்திரி வெயிலில் ஏற்கெனவே சூடான காற்றை இன்னும் சுட வைத்து உள்ளே அனுப்பினால் பலன் குறையும், இன்டர்கூலர் இல்லாமல் அது கதைக்காகாது. உயர் சுற்றில் அது எடுக்கும் சக்தி சில்லறை இல்லை, உருளைகளின் ஊளையும் எல்லாருக்கும் பிடிக்காது. திருச்சி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் தினம் போய்வரும் ஒருவருக்கு, நூறிலிருந்து நூற்றிருபதுக்குச் சிரமமில்லாமல் ஏறும் டர்போவே வசதி. அவருக்கு இந்தக் கட்டுரையின் கணக்கு பொருந்தாது. பொருந்துவது ஆற்றங்கரைச் சாலையிலேயே பாதி ஆயுளைக் கழிக்கும் கார்களுக்கு.

கடைசியாக ஒரு கேள்வி மிச்சம். சூப்பர்சார்ஜர் வைத்த சாதாரணக் காரே கிடைக்காத நாட்டில் இந்த வழக்கு எதற்கு? கிடைக்கும் பொருளுக்குள் எதை எடுப்பது என்பதை இது மாற்றும் என்பதற்காக. டர்போ வகைக்கு லட்சக்கணக்கில் கூடுதலாகக் கேட்கும்போது, உங்கள் வழக்கமான சாலை மூன்றாவது கியரும் முப்பது கிலோமீட்டரும் என்றால், டர்போ இல்லாத 1.2 லிட்டரையோ ஹைபிரிட்டையோ கூச்சமில்லாமல் கேளுங்கள். அதைப் ‘பவர் இல்லாத வண்டி’ என்று விற்பனையாளர் சொன்னால் எந்த ஆர்.பி.எம்-இல் என்று திருப்பிக் கேளுங்கள். டெஸ்ட் டிரைவுக்குப் பைபாஸுக்குத்தான் அழைத்துப் போவார்கள். தஞ்சாவூர் என்றால் கரந்தையைத் தாண்டித் திருவையாறு சாலைக்குப் போகச் சொல்லுங்கள். மூன்றாவது கியரில், முப்பதில், காலை லேசாக வைத்துக் கொஞ்ச தூரம் உருட்டிவிட்டு, சாலை காலியாக இருக்கும் இடத்தில் கியர் மாற்றாமல் அப்படியே முழுதாக மிதியுங்கள். முதுகு சீட்டில் அழுந்தும்வரை எவ்வளவு நேரம் என்று பக்கத்தில் இருப்பவர் எண்ணட்டும். வீட்டில் நான்கு பேர் என்றால் நான்கு பேரையும் ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யையும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். ஒற்றை ஆளோடு ஏ.சி. இல்லாமல் பார்த்தால் எல்லா வண்டியும் நன்றாகத்தான் இழுக்கும்.